பார்க்க வந்த தாய்

பட்டமளிப்பு விழா அழைப்பிதழின் கீழ்ப்பகுதியில், சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும். மாணவர் ஒருவருக்கு இரண்டு பேர் மட்டும். வேந்தர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருக்கையில் அமர்ந்துவிட வேண்டும். ஊர்வலம் தொடங்கிய பிறகு கதவு திறக்காது. கைப்பை, தண்ணீர் பாட்டில், கைக்குழந்தை எதற்கும் இடமில்லை. பல வீடுகளில் முதல் சங்கடம் இந்த வரிகளில்தான் தொடங்குகிறது. அப்பாவும் அம்மாவும் போனால் பாட்டி எங்கே இருப்பாள்? விடுதிக் கட்டணம் கட்ட முடியாத மாதத்தில் தோட்டைக் கழற்றிக் கொடுத்த அத்தை? தம்பியாவது படிக்கட்டும் என்று பத்தாவதோடு பனியன் கம்பெனிக்குப் போன அக்கா?

அந்தக் கேள்விக்கு எப்படியோ ஒரு விடை கண்டு, ராத்திரி பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்களை அரங்கத்தின் வாசலில் பார்க்கலாம். அம்மாவின் பட்டுப்புடவையில் பீரோ வாசனை இன்னும் போயிருக்காது. அப்பாவின் வெள்ளைச் சட்டைப் பையில் அழைப்பிதழ் நான்காக மடிந்திருக்கும். மகள் வாடகைக்கு எடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். தோளில் போட்ட வண்ணப் பட்டை சரிந்து சரிந்து விழுகிறது. அம்மா தன் தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, அங்கியோடு சேர்த்து அதைக் குத்திவிடுகிறாள். அப்பா வாசற்படியருகே நின்றுவிட்டார். உள்ளே சிவப்புக் கம்பளம் விரித்திருக்கிறது. செருப்பைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. கழற்றிவிடுகிறார்.

இப்படி முதன்முறையாக ஒரு பல்கலைக்கழக வாசலை மிதிக்கிற குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 2021-22 ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4. தமிழ்நாட்டில் அது 47. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெற்றதில்லை என்று வருவாய்த் துறையிடம் சான்றிதழ் வாங்கி வந்தால் பொறியியல் படிப்புக்குக் கட்டணச் சலுகை தரும் திட்டம் 2010-11இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. இவற்றில் அந்தக் கட்டணச் சலுகையால் படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு ஒரு தனி நிலைமை உண்டு. மகளுக்குப் பட்டம் கிடைப்பதற்கு நான்கு வருடம் முன்பே, அப்பாவும் அம்மாவும் பட்டம் பெறாதவர்கள் என்பதற்கு அரசு ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டது. கல்லூரிக் கோப்பில் பெற்றோரைப் பற்றி இருக்கும் காகிதம் அநேகமாக அது ஒன்றுதான்.

அப்படியானால் விழா நாளில் அந்த அரங்கத்தில் பெற்றோர் யார்? வேடிக்கை பார்க்க வந்த விருந்தினரா? கொடுத்த கடன் திரும்பும் நாளில் வந்து நிற்பவரா? மேடையில் நடப்பதில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டென்றால் அது எந்த வகைப் பங்கு? தமிழில் இந்தக் கேள்வி மிகப் பழையது.

திருக்குறளின் ஏழாவது அதிகாரத்துக்கு இன்று பரவலாக வழங்கும் பெயர் மக்கட்பேறு. உரையாசிரியர் பரிமேலழகர் அதைப் புதல்வரைப் பெறுதல் என்று குறிக்கிறார். பெயரிலேயே மகள்கள் விடுபட்டுப் போகிறார்கள். அந்த அதிகாரத்தில், தன் மகனைச் சான்றோன் என்று ஊர் சொல்லக் கேட்கும் தாயைப் பற்றி ஒரு குறள் இருக்கிறது. அவனைப் பெற்ற பொழுதைவிட அந்தச் சொல்லைக் கேட்ட பொழுதுதான் அவளுக்குப் பெரிது என்கிறார் வள்ளுவர். எந்தத் தாயும் மறுக்க மாட்டாள். ஆனால் வள்ளுவர் ஏன் 'கேட்ட' என்ற சொல்லைப் போட்டார் என்று பரிமேலழகர் விளக்கப் புகுந்தார். பெண்ணாகப் பிறந்தவள் தானாக அறிய மாட்டாள், அதனால் பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிகிறாள் என்ற பொருளில் எழுதிவிட்டார். பிற்காலத்தில் உரை எழுதியவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. மகனின் பெருமையைத் தன் வாயால் சொல்வதைவிடப் பிறர் வாயால் கேட்பதில்தான் நிறைவு என்பதே வள்ளுவர் கருத்து என்று கொண்டார்கள். அதுவே சரியான பொருள் என்று படுகிறது.

ஆனாலும் பரிமேலழகரின் அந்த வரியை அப்படியே தள்ளிவிட்டுப் போக முடியாது. பட்டமளிப்பு அரங்கில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் நிலைமையை அது தெரியாமலேயே சொல்லிவிடுகிறது. மூன்று மணி நேரத்தில் முக்கால்வாசி ஆங்கிலத்தில் நடக்கும். வேந்தர் யார், துணைவேந்தர் யார், பதிவாளர் கையில் ஏன் அந்தப் பெரிய கோப்பு, எல்லாரும் எதற்காகத் திடீரென்று எழுந்து நிற்கிறார்கள், உறுதிமொழியில் தன் பிள்ளை எதற்குச் சம்மதம் சொல்கிறது, ஒன்றும் அவளுக்கு விளங்காது. ஒலிபெருக்கியில் ஒரு பெயர் வரும். அதுவும் முன்னெழுத்தைப் பின்னால் தள்ளி, வேறு யாரோ போல ஒலிக்கும். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக ஒரே மாதிரி நகரும் வரிசையில் தன் மகள் யார் என்று அவள் நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். அவள் கேட்டாள், பார்த்தாள். அறிந்தாளா? அறியாமல் போனால் அதற்குக் காரணம் பெண்ணாகப் பிறந்தது என்று பரிமேலழகர் நினைத்தார். காரணம் அதுவல்ல. அவளிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அந்த அங்கியையே எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் தோன்றிய இடைக்காலத்தில் படித்தவர்களும் படிப்பித்தவர்களும் பெரும்பாலும் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். குளிர் மிகுந்த கல் கட்டடங்களில் அவர்கள் அணிந்த நீண்ட மேலாடைதான் இன்று நம் ஊர் வெயிலில் வாடகைக்குக் கிடைக்கிறது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அந்த உடையும் கூடவே வந்தது. 2010இல் மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் போபால் விழா ஒன்றில் மேடையிலேயே அதைக் கழற்றி வைத்தார், காலனி ஆட்சியின் மிச்சம் என்று சொல்லி. அதன்பின் கைத்தறி ஆடைக்கு மாறிய நிறுவனங்களும் உண்டு. எது பொருத்தம் என்ற விவாதம் நடக்கட்டும். ஊக்கு குத்திவிட்ட அம்மாவுக்கு அந்த அங்கி திருச்சபையாரின் உடையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அவள் அதை வேறு கண்ணோடு பார்ப்பாள். படிப்பு ஒரு நோன்பு என்பது அவளுக்குப் புதிய செய்தி இல்லை. தேர்வுக் காலத்தில் விடிய விடிய விழித்திருந்து டீ போட்டுக் கொடுத்தவள் அவள்.

இந்த நாட்டிலும் படிப்பு முடிவதற்கு ஒரு சடங்கு இருந்தது. சமாவர்த்தனம் என்று பெயர். குருவின் வீட்டில் தங்கிப் படித்த மாணவன் படிப்பு முடிந்ததும் நீராடுவான். அதனால் அவனுக்கு ஸ்நாதகன் என்று பெயர், நீராடியவன் என்று பொருள். இந்தியில் இன்றும் பட்டதாரியைக் குறிக்கும் சொல் இதிலிருந்து வந்ததுதான். பிரம்மசாரியின் எளிய உடையைக் களைந்துவிட்டுப் புத்தாடை உடுத்துவான். அதுவரை அவனுக்கு விலக்கப்பட்டிருந்த குடையும் செருப்பும் கைத்தடியும் அன்று கிடைக்கும். பிராமணக் கல்யாணங்களில் மாப்பிள்ளை காசி யாத்திரை கிளம்பும்போது குடையும் தடியும் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. சமாவர்த்தனம் இப்போது கல்யாணத்துக்கு முன்னால் செய்து முடிக்கும் சடங்காகச் சுருங்கிவிட்டது.

சமாவர்த்தனம் என்றால் திரும்பி வருதல். இதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அன்று பிள்ளை சிறு வயதிலேயே வீட்டைவிட்டுப் போனான், படிப்பு முடிந்ததும் பெற்றோரிடம் திரும்பினான். இன்று பிள்ளை வீட்டிலிருந்தே, அல்லது வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோகும் தூரத்திலிருந்தே படிக்கிறது. பட்டம் வாங்கிய கையோடு பெங்களூருக்கோ துபாய்க்கோ டெக்ஸாஸுக்கோ போகிறது. அன்றைய சடங்கு வீட்டை நோக்கிய வாசல். இன்றைய விழா வீட்டைவிட்டுப் போகும் வாசல். கைதட்டிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு இது உள்ளூரத் தெரியும். ஆனால் அவரோடு உட்கார்ந்து அதைப் பேசியவர்கள் யாரும் இல்லை.

தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில் விடைபெறும் மாணவனுக்குக் குரு சொல்லும் அறிவுரை இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் விழா மேடைகளில் அதை இன்றும் வாசிக்கிறார்கள். உண்மை பேசு, அறத்தில் நட, படிப்பதையும் படிப்பிப்பதையும் விட்டுவிடாதே என்று அது போகும். தாயும் தந்தையும் ஆசிரியரும் விருந்தினரும் தெய்வங்கள் என்று சொல்லும் பகுதி எல்லாருக்கும் தெரிந்தது. அதை அடுத்து வருவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எங்கள் நடத்தையில் எது நல்லதோ அதை மட்டும் பின்பற்று, மற்றதை விட்டுவிடு என்று குருவே சொல்கிறார். பெரியவர்களைத் தெய்வமாக வைத்த அதே மூச்சில், அவர்கள் செய்ததை எல்லாம் செய்ய வேண்டியதில்லை என்ற உரிமையையும் மாணவன் கையில் கொடுத்து அனுப்புகிறார். பெற்றோர் இந்த நாளுக்குத் தயாராவது என்றால் இந்த இரண்டாவது பகுதிக்கும் சேர்த்துத் தயாராவதுதான். அந்தச் சடங்கும் அந்த அறிவுரையும் குறிப்பிட்ட வர்ணத்து ஆண்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒருவனுக்குக் குடையும் செருப்பும் சடங்காகக் கொடுத்த சமூகம், வேறொருவன் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று விதித்தது. கம்பளத்தின் முன்னால் அப்பா தயங்கி நின்றதில் அந்த நினைவும் இருக்கலாம்.

இனி, கடன்.

ஆக்ஸ்போர்டில் பட்டமளிப்பு விழா ஷெல்டோனியன் அரங்கில் இன்றும் லத்தீன் மொழியில் நடக்கிறது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பட்டம் வழங்குவதற்கு முன் பிராக்டர் என்னும் அதிகாரிகள் அரங்கின் நடுவே கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி வருவார்கள். மாணவன் பாக்கி வைத்திருக்கும் கடைக்காரர்கள் யாராவது இருந்தால், அந்த அதிகாரியின் அங்கியைப் பிடித்து இழுத்துப் பட்டத்தை நிறுத்தலாம் என்பது பழைய மரபாகச் சொல்லப்படுகிறது. நம் ஊர் அரங்கில் அப்படி ஓர் அதிகாரி நடந்துபோனால், எழுந்து கை நீட்டத் தகுதியுள்ளவர்கள் பார்வையாளர் வரிசை முழுக்க இருப்பார்கள். கல்விக் கடன் விண்ணப்பத்தில் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட அப்பா இருப்பார். மகளிர் குழுவில் வாங்கிய பணத்தை வாரத் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கும் அம்மா இருப்பாள். ஒருவர் கையும் நீளாது. ஆனால் விழா முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, பல வீடுகளில் அந்தக் கை மெல்ல நீளும். உன்னைப் படிக்க வைக்க எவ்வளவு செலவு ஆச்சு தெரியுமா என்ற கேள்வியாக வரும். வேலை, சம்பளம், யாரைக் கட்டிக்கொள்வது என்ற பேச்சுகளில் மறைந்து வரும்.

கடன் என்ற சொல் தமிழில் கடமையையும் குறிக்கும். இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல. பெற்றோருக்குப் பட்ட கடன் தீர்க்க முடியாதது, தெய்வத்துக்குப் பட்ட கடனைப் போன்றது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். அவருக்கு நேர் எதிராக, வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்குக் கடன்பட்டவர்களே அல்லர் என்று அமெரிக்கத் தத்துவவாதி ஜேன் இங்கிலிஷ் 1979இல் ஒரு கட்டுரை எழுதினார். கேட்காமல் கொடுத்ததற்குக் கடன் என்று பெயர் வைக்க முடியாது, இரண்டு பேருக்கும் இடையே இருக்கும் நட்பிலிருந்துதான் கடமை பிறக்கும் என்பது அவர் வாதம். முதல் வாசிப்பில் தமிழ் மனத்துக்கு இது உறுத்தும். ஆனால் அவர் அன்பை மறுக்கவில்லை, கணக்கை மறுக்கிறார். கணக்கு நோட்டைத் திறந்த வீட்டில் அன்பு என்ன ஆகிறது என்பதைப் பார்த்தவர்கள் அவர் சொல்வதைச் சட்டென்று ஒதுக்கிவிட மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் புத்தர் சொன்னதுதான் மிக ஆழமாகப் போகிறது. பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில், இரண்டிரண்டாகத் தொகுத்த பகுதியில், ஒரு சிறு உரை இருக்கிறது. ஒருவன் தாயை ஒரு தோளிலும் தந்தையை மறுதோளிலும் சுமந்துகொண்டு நூறு ஆண்டு வாழட்டும். அவர்களைக் குளிப்பாட்டட்டும், கை கால் பிடித்துவிடட்டும், அவர்கள் அங்கேயே மலஜலம் கழித்தாலும் பொறுத்துக்கொள்ளட்டும். அப்போதும் அவன் பட்டது தீராது. உலகத்துக்கே அரசராக்கி உட்கார வைத்தாலும் தீராது. இதுவரை கேட்டால் அரிஸ்டாட்டில் சொன்னதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் உரை அங்கே நிற்கவில்லை. நம்பிக்கையில்லாத பெற்றோரை நம்பிக்கையில், ஒழுக்கமில்லாதவர்களை ஒழுக்கத்தில், கொடை அறியாதவர்களைக் கொடையில், அறிவில்லாதவர்களை அறிவில் நிலைக்கச் செய்கிறவன் எவனோ, அவன் பெற்றோருக்குப் பட்டதைத் தீர்க்கிறான், அதற்கு மேலும் செய்கிறான் என்று முடிகிறது.

நூறு ஆண்டு சுமந்தாலும் தீராதது, ஒன்றைப் புரிய வைத்தால் தீர்கிறது. புத்தர் சொன்ன அறிவு விடுதலைக்கான அறிவு. செமஸ்டர் பாடத்தோடு அதைச் சமமாக வைப்பது தவறு. ஆனால் அவர் காட்டிய திசை இங்கே பொருந்தும். பெற்றோருக்குத் திருப்பித் தரக்கூடியது ஒன்று இருந்தால், அவர்கள் கைக்கு எட்டாமல் போனதை அவர்கள் கைக்குக் கொண்டுவருவதுதான். சம்பளத்தை வேறு யாரும் ஈட்டித் தரலாம். நான்கு ஆண்டு என்ன படித்தேன் என்பதை அந்தப் பிள்ளை மட்டுமே அந்தப் பெற்றோருக்குச் சொல்ல முடியும்.

தமிழர்கள் இதை ஒரு கோயிலாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை. மலையே இல்லாத காவிரிச் சமவெளியில் எழுப்பிய கட்டுமலை அது. தமிழ் வருடங்களின் கணக்கில் அறுபது படிகள். மேலே மகன் சுவாமிநாதன் இருக்கிறான், கீழே தந்தை சுந்தரேசுவரர் இருக்கிறார். பிரணவத்தின் பொருளைத் தந்தைக்கு மகன் சொன்ன தலம் என்பது ஐதீகம். அதனால் அவனுக்குத் தகப்பன்சாமி என்று பெயர். அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது பாடம் நடந்த விதம். பிரம்மனுக்குத் தெரியவில்லை என்றபோது முருகன் அவனைத் தலையில் குட்டிச் சிறையில் அடைத்தான். அப்பா கேட்டபோது அப்படிச் செய்யவில்லை. காதோரம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னான். அப்பாவும் வாய் பொத்தி, மாணவனைப் போல நின்று கேட்டார். இருவரில் யாருக்கும் அது இழுக்காகப் படவில்லை.

பட்டமளிப்பு அரங்கின் வாசலில் இதற்கு நேர்மாறானதும் நடப்பதுண்டு. "ஏம்ப்பா இங்க வந்து செருப்பைக் கழட்டுறீங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல் வரும். அம்மா கொண்டுவந்த புளிசாதப் பொட்டலத்தை நண்பர்கள் பார்ப்பதற்குள் பைக்குள் தள்ளும் ஒரு கை இருக்கும். போட்டோ எடுக்கும்போது, "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார்கள். அந்தப் பிள்ளைகளைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இருபத்தோரு வயதில் வெட்கம் பெரும் சுமை. வேறோர் உலகத்தில் நுழைய இடம் கிடைத்திருக்கிறது, அது கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் அது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அப்பா ஆயுள் முழுக்க மறக்க மாட்டார். யாரிடமும் சொல்லவும் மாட்டார்.

அதனால்தான் தயாரிப்பு முந்திய வாரமே தொடங்க வேண்டும் என்பது. அழைப்பிதழை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். இவர் ஆளுநர், வேந்தரும் இவர்தான். இது தமிழ்த்தாய் வாழ்த்து, எல்லாரும் எழுந்து நிற்போம். இந்த நேரத்தில் நாங்கள் உறுதிமொழி எடுப்போம், படித்த படிப்புக்குக் குறைவு வராமல் நடப்போம் என்பது அதன் சாரம். என் துறை ஏழாவதாக வரும், வலப்பக்கப் படியில் ஏறி இடப்பக்கம் இறங்குவேன், பத்து விநாடிதான், கண்ணை எடுக்காதீங்க. பெயரை இப்படித்தான் கூப்பிடுவார்கள். கையில் கொடுப்பது வெறும் உறையாகக்கூட இருக்கலாம், சான்றிதழைப் பிறகு கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாம், பதற வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் காலையில் என்ன சாப்பிட வேண்டும், மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள முடியுமா, கழிப்பறை எந்தப் பக்கம் என்பவையும் இதில் அடக்கம். மூன்று மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு, எழுந்தால் மகள் பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் உண்டு.

பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. அப்பாவுக்குப் புரியாது என்று பிள்ளையும், நமக்கென்ன புரியப்போகிறது என்று அப்பாவும் நான்கு வருடம் விலகியே இருந்துவிடுகிறார்கள். மண்ணியல் படித்தவள் தங்கள் கிணற்றில் ஏன் உப்பு ஏறியது என்று சொல்லலாம். சட்டம் படித்தவன் வீட்டுப் பட்டாவை எடுத்து வைத்துப் படித்துக் காட்டலாம். கணக்கியல் படித்தவள் குழுக் கடனுக்கு உண்மையில் எத்தனை வட்டி போகிறது என்று போட்டுக் காட்டலாம். இப்படி ஒரு மாலைப்பொழுது கழிந்தால், அரங்கில் உட்கார்ந்திருக்கும் அம்மா பரிமேலழகர் நினைத்த தாயாக இருக்க மாட்டாள். என் மகள் படித்தது இது என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் அவளே சொல்லுவாள்.

பெற்றோருக்கு மேடை எட்டாமல் போன வாழ்க்கைகளும் உண்டு. ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்த முதல் பெண் கொர்னேலியா சொராப்ஜி 1892இலேயே தேர்வை எழுதி முடித்துவிட்டார். பெண்களுக்குப் பட்டம் தர அந்தப் பல்கலைக்கழகம் 1920 வரை இசையவில்லை. 1922இல் அவர் பட்டத்தைப் பெற்றபோது, புனேயில் பள்ளிகள் நடத்திப் பெண்கல்விக்காக உழைத்த அவர் தாய் ஃபிரான்சினா இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்பேத்கர் தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். மகனுக்குப் புத்தகம் வாங்கக் காசில்லாதபோது கட்டிக்கொடுத்த மகள்களின் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தவர் அவர் தந்தை ராம்ஜி. மகன் பம்பாயில் பி.ஏ. முடித்த சூட்டோடு, 1913 பிப்ரவரி 2ஆம் தேதி அவரும் போய்விட்டார். கொலம்பியாவுக்கும் லண்டனுக்கும் மகன் போனதை அவர் பார்க்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1923இல், அம்பேத்கரின் லண்டன் ஆய்வேடு 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலாக வந்தது. பணத்தைப் பற்றிய அந்த நூலை அவர் தாய் தந்தையரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அடகுக் கடை வாசலில் நின்ற தகப்பனுக்கு அந்த மகன் வேறெதையும் விடப் பொருத்தமான ஒன்றைக் கொடுத்துவிட்டார் என்றே தோன்றுகிறது.

வள்ளுவரின் அதே அதிகாரத்தில், தாயைப் பற்றிய குறளுக்கு முந்தியது, பிள்ளைகளின் அறிவு பெற்றவர்களைவிட உலகத்து உயிர்களுக்கெல்லாம் இனியது என்கிறது. இந்த வரிசை முக்கியம். முதலில் உலகத்துக்கு இனிமை, அதன்பிறகுதான் தாய்க்கு மகிழ்ச்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இரண்டு பேர், இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். ஒருவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. பட்டம் அவருக்கு அரசு வேலையைத் தந்தது, ராவ்பகதூர் என்ற பெயரையும் தந்தது. இன்று அவரை யாரும் அதற்காக நினைப்பதில்லை. செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடிப் பிடித்து 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியதற்காக நினைக்கிறார்கள். முதல் பட்டத்தின் பலன் அவர் வீட்டோடு நிற்கவில்லை. தமிழ் படிக்கிற எல்லார் வீட்டுக்கும் வந்தது. என் பிள்ளை, என் செலவு, என் பட்டம் என்று இறுகிப் பிடித்திருக்கும் கையைக் கொஞ்சம் தளர்த்த, பெற்றோருக்கு இந்தக் குறளும் இந்த மனிதரும் உதவுவார்கள்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. விழா தொடங்குமுன் பத்து நிமிடம், இன்று மேடையில் என்னென்ன நடக்கும் என்று தமிழில் ஒருவர் எடுத்துச் சொன்னால் போதும். அரங்கின் பாதி வெளிச்சமாகிவிடும். மூன்றாவது அனுமதிச் சீட்டுக்கு இடமில்லை என்றால், வெளியே ஒரு பந்தலும் திரையும் நாற்காலிகளும் போடலாம். பாட்டிகளுக்கும் அக்காக்களுக்கும் அதுவே பெரிது.

இந்தப் பருவத்தில் பட்டம் வாங்கப்போகும் பிள்ளைகளே, அழைப்பிதழ் வந்துவிட்டால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள். அரங்கத்துக்குள் செருப்போடு வரலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.